ஐம்பத்தைந்துக்குக் கீழே

கார்க் கண்ணாடிகள் நான்கையும் ஏற்றி, குளிரூட்டியை அணைத்துவிட்டு, குமுதா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் லோஷினி. வியர்வையைப் பிழிவதற்கென்றே செய்த பிளாஸ்டிக் உடுப்பு, அதற்கு மேல் தடித்த முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றி ஒரு துண்டு. போட்டி நடக்கவிருந்த உள்ளரங்கத்தின் கார் நிறுத்துமிடத்தில் மரநிழல் விழாத மூலையாகப் பார்த்து வண்டியை நிறுத்தியிருந்தார்கள். டத்தோ கிராமாட் சாலையில் போகும் பேருந்துகளின் இரைச்சல் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோலக் கேட்டது. லோஷினியின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டே இருந்தது. மாலையில் எடை பார்க்கிறார்கள். ஐம்பத்தைந்து கிலோவுக்குக் கீழ் என்ற பிரிவில் மறுநாள் அவள் கராத்தே ஆட வேண்டும். அதில் முதலாவதாக வந்தால் தேசியப் பயிற்சி முகாம். எடை இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டியிருந்தது. சோற்றையும் உப்பையும் நிறுத்தி வாரக்கணக்காகிவிட்ட உடம்பில் இறக்குவதற்குத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை.

குமுதாவின் மடியில் லோஷினியின் பாடக்குறிப்புகள் இருந்தன. போட்டி முடிந்த கையோடு உணவுப் பாதுகாப்புப் பாடத்தில் தேர்வு. அடைபட்டுக் கிடக்கும் இந்த நேரத்தை வீணாக்க வேண்டாமே என்பது குமுதாவின் யோசனைதான். அவள் கேள்வியைப் படிப்பாள், லோஷினி கண்ணை மூடியபடி பதில் சொல்வாள். உணவை உலர்த்தி வைத்தால் ஏன் கெடுவதில்லை என்று குமுதா கேட்டாள். கிருமிகளுக்கு வேண்டிய தண்ணீர் அதில் இல்லாமல் போய்விடுகிறது, அதனால் உயிருள்ள எதுவும் அதில் வளர முடியாது என்றாள் லோஷினி. சரியான பதில். குமுதா ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டாள். அவளுடைய குர்த்தியும் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் கோச் சொல்லியிருந்தார். ஒரு பெண்ணை உள்ளே வைத்து அடைத்துவிட்டுத் தான் மட்டும் நிழலில் நிற்பது அவளுக்கு முறையாகப் படவில்லை.

"அக்கா," என்றாள் லோஷினி, கண்ணைத் திறக்காமல். "இன்னிக்கு வெய்ட் வரலன்னா என்ன ஆகும்?"

"வரும்லா. வரலன்னாலும் ஒன்னும் இல்ல. கோலாலம்பூர்ல இன்னொரு செலக்‌ஷன் இருக்கு. கோச்சுகிட்ட பேசி வச்சிட்டேன்."

லோஷினி தலையை மட்டும் அசைத்தாள். அவள் உதடு லேசாக விரிந்தது. அதைச் சிரிப்பு என்றுதான் குமுதா எடுத்துக்கொண்டாள். பக்கத்தைப் புரட்டி அடுத்த கேள்விக்குப் போனாள்.

குமுதாவின் வேலையே அதுதான். படிப்பையும் விளையாட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் மாணவர்களுக்குத் துணையாக இருப்பதற்காகப் பல்கலைக்கழகம் ஒரு பிரிவு வைத்திருந்தது. பிரிவு என்றால், விளையாட்டு மண்டபத்தின் பின்பக்கத்தில் ஓர் அறையும் குமுதாவும்தான். போட்டி நாளில் தேர்வு வந்தால் அதை மாற்றித் தரச் சொல்லி விரிவுரையாளர்களின் மாடிப்படிகளில் ஏறுவாள். ஆய்வு வகுப்பு தவறிப்போனவர்களுக்குத் தனி நேரம் வாங்கித் தருவாள். விடுதி அறை, மருத்துவர், பயிற்சிக்குப் போய்வர வேன் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் வருவார்கள். பாயான் பாருவில் இருக்கும் அவள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அழைப்பு வரும். அவள் கணவன் தங்கராஜு தொலைபேசியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உன் பிள்ளைங்க கூப்பிடுதுங்க என்பான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைக் குத்தலாக அவன் சொல்வதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அவளும் ஒரு காலத்தில் தடை ஓட்டக்காரிதான். இரண்டாம் ஆண்டில் தேர்வும் பெரிய போட்டியும் ஒரே வாரத்தில் வந்தன. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள் என்றார்கள். சிடுசிடுப்பாகக்கூட இல்லை, கடைக்காரர் இரண்டு நிறங்களைக் காட்டிக் கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். அவள் தேர்வை எடுத்துக்கொண்டாள். போட்டி நடந்த அன்று தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, காலின் தசைகள் தானாகவே துடித்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. யாராவது ஒருவர் ஒரே ஒரு மாடி ஏறிப் போய் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும் என்று பல வருடங்கள் நினைத்திருக்கிறாள். இந்த வேலை கிடைத்தபோது, தன்னிடம் வரும் எந்தப் பிள்ளையையும் இதுவா அதுவா என்று நிற்கவைக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். அந்த முடிவை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் மாடி ஏறும்போதெல்லாம் அது அவளுக்குத் தெம்பாக இருந்தது.

லோஷினி முதலாம் ஆண்டில் அப்பாவோடு வந்தாள். பழனியப்பன் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அழுத்தமாக இஸ்திரி போட்ட சட்டையும் பெரிய குரலுமாக இருந்தார். மகள் ஏழு வயதில் கராத்தே தொடங்கியபோதே வீட்டுக்கூடத்திலிருந்த சோபாவையும் டிவி அலமாரியையும் தூக்கிவிட்டுத் தரை முழுக்கப் பயிற்சி மெத்தை போட்டுவிட்டதாகச் சொன்னார். விருந்தாளிகள் வந்தால் மெத்தைமேல் சப்பணம் போட்டு உட்கார வேண்டியதுதான் என்று சிரித்தார். அம்மா புஷ்பவள்ளி, மகள் எடை இறக்கும் காலத்தில் வீட்டில் யாருக்குமே உப்பு போட்டுச் சமைப்பதில்லையாம். வாசனைக்கு அவளுக்கு ஆசை வந்துவிடக் கூடாதென்று குடும்பமே வெந்த கோழியைத் தின்றது. இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, லோஷினி தன் கையில் காய்த்துப்போயிருந்த முட்டிகளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குமுதாவுக்கு அந்தக் குடும்பத்தைப் பார்க்கப் பொறாமையாகவே இருந்தது.

அதற்கப்புறம் அவள் லோஷினிக்குச் செய்யாதது ஒன்றுமில்லை. மாநிலப் போட்டிக்கு முந்தின வாரம் கணக்குத் தேர்வு வருகிறது, இந்தத் தடவை போட்டிக்குப் போகாமல் இருந்துவிடட்டுமா என்று லோஷினி வந்து நின்றபோது, அன்று சாயங்காலத்துக்குள் தேர்வைத் தள்ளிவைத்துக் கொடுத்தாள். முழங்கால் வலிக்கிறது என்று வந்தபோது மருத்துவரிடம் தானே கூட்டிப் போனாள். அவர் சொன்ன பயிற்சிகளைக் கூடவே நின்று செய்யவைத்தாள், வலி போய்விட்டது. விடுதி தூரமாக இருக்கிறது, அலுப்பாக இருக்கிறது என்று சொன்னபோது மண்டபத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பிடித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் லோஷினி, தேங்க்ஸ்க்கா என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கதவருகே நின்றுவிட்டுத்தான் போவாள். நன்றி சொல்ல வார்த்தை போதாமல் நிற்கிறாள் என்று குமுதா நினைப்பாள்.

உணவுத் தொழில்நுட்பப் பாடங்களை நடத்தும் டாக்டர் நோர்மா மட்டும் ஒருநாள் வேறுவிதமாகப் பேசினார். ரொட்டி செய்யும் ஆய்வு வகுப்பை லோஷினிக்காகத் தனியாக நடத்தித் தந்துவிட்டு, குமுதாவை உட்காரச் சொன்னார். இந்தப் பெண் இதுவரை என்னிடம் வந்து எதையும் கேட்டதில்லை, எப்போதும் நீங்கள்தான் வருகிறீர்கள் என்றார் மலாயில். ரொட்டி வெந்ததும் அவள் அடுப்புக்கு முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சூடான ரொட்டியை இரண்டு கைகளிலும் பிடித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாளாம். பிறகு எழுந்து போய் ஆய்வுக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் கொடுத்துவிட்டாளாம். நோர்மா அதைச் சொன்ன விதத்தில் கவலை இருந்தது. குமுதாவோ அதைக் கட்டுப்பாடு என்று புரிந்துகொண்டாள். கோச்சிடமும் பழனியப்பனிடமும் பெருமையாகச் சொன்னாள்.

காரிலிருந்து இறங்கியதும் நடைபாதையில் ஒத்திகைக்காக வைத்திருந்த எடைக்கருவியில் லோஷினியை நிறுத்திப் பார்த்தார் கோச் அலாவுதீன். ஐம்பத்தைந்துக்கு ஒரு நூல் கீழே நின்றது. அவர் அதட்டும் ரகமில்லை. அல்ஹம்துலில்லா என்று மூச்சு விட்டுவிட்டு, கூப்பிடும்வரை உடைமாற்றும் அறையில் போய்ப் படுத்திரு, ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம், வாய் வறண்டால் கொப்பளித்துத் துப்பு என்றார். பழனியப்பன் விடுப்பு எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து தீவுக்கு வந்திருந்தார். மகளின் தலையில் கைவைத்துவிட்டுப் பார்வையாளர் பக்கம் போனார். குமுதா மாற்றுத் துணி எடுக்கக் காருக்குப் போனாள். திரும்பி வரும்போது வெயிலைத் தவிர்க்க அரங்கின் பின்பக்கமாக வந்தாள். அங்கே தொழுகை அறையை ஒட்டிக் கால் கழுவும் குழாய்கள் வரிசையாக இருந்தன.

லோஷினி அங்கே ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு போத்தல். குழாயில் நிரப்பி, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள். காலியானதும் மறுபடி நிரப்பினாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைக் குமுதா பார்த்தாள். தாகத்தில் குடிப்பவளைப்போல இல்லை. மருந்து குடிப்பதுபோல, முகத்தைச் சுளித்துக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு குடித்தாள். ஏதோ உணர்ந்து திரும்பினாள். குமுதாவைப் பார்த்தாள். குடிப்பதை நிறுத்தவில்லை.

குமுதா ஓடிப்போய்ப் போத்தலைப் பிடித்தாள். லோஷினி விடவில்லை. இரண்டு பேர் கையிலும் தண்ணீர் வழிந்தது.

"என்ன பண்ற நீ? அஞ்சு நிமிஷம் முந்திதான வெய்ட் வந்துச்சு."

"வந்துச்சு. அதனாலதான்க்கா."

குமுதாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கை தானாகப் போத்தலை விட்டது.

"வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமே," என்றாள். தன் குரல் கெஞ்சுவதுபோல இருந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

லோஷினி போத்தலைத் தரையில் வைத்தாள். "உங்ககிட்ட எத்தன தடவ வந்தேன். எக்ஸாம் இருக்குன்னேன், நீங்க எக்ஸாம மாத்துனீங்க. முட்டி வலின்னேன், முட்டிய சரி பண்ணிட்டீங்க. ஹோஸ்டல் தூரம்னேன். ஒவ்வொரு காரணமா தூக்கிட்டு வந்தேன்க்கா. நீங்க ஒவ்வொன்னா தீத்து வச்சீங்க. வேணாம்னு சொல்றதுக்கு ஒரு காரணம் வேணும்ல? எங்கிட்ட இப்ப ஒன்னுமே இல்ல."

அப்பாவிடம் தான் பேசுவதாகக் குமுதா சொன்னாள். இப்போதே போய்ப் பேசுகிறேன் என்றாள். லோஷினி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஈரமான பிடி, ஆனால் கராத்தே பழகிய பிடி. அப்பாவிடம் சொன்னால், இத்தனை வருடம் பிடிக்காமலா செய்தாய் என்று கேட்பார் என்றாள். பிடிக்காமல் செய்யவில்லை, எப்போது பிடிக்காமல் போனது என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி வந்துவிட்டால், கூடத்தில் இல்லாத சோபாவிலிருந்து அம்மா உப்பில்லாமல் தின்ற சாப்பாடுவரை எல்லாமே பொய்யாகிவிடும். "கிலோ கூடிருச்சுன்னா அது யார் தப்பும் இல்லக்கா. யாரும் யாரையும் ஒன்னும் கேக்க வேணாம். ப்ளீஸ், சொல்லாதீங்க."

உள்ளே பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டது. லோஷினி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். குமுதா மாற்றுத் துணியைக் கையில் வைத்தபடி அவள் பின்னால் போனாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாளா என்று அவளுக்கு நினைவில்லை. கொடுத்ததுபோலத்தான் நடந்துகொண்டாள்.

பெண்கள் எடை பார்க்கும் அறையிலிருந்து வெளியே வந்த அதிகாரி, கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடுதல் என்று கோச்சிடம் சொன்னாள். லோஷினி தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றாள். அவள் தோள்கள் லேசாகித் தளர்ந்திருந்ததைக் குமுதா மட்டும்தான் கவனித்தாள். கோச் அலாவுதீனுக்கு நம்ப முடியவில்லை. கருவியில் கோளாறு இருக்கும் என்றார், வேறொரு பெண்ணை ஏற்றிப் பார்க்கச் சொன்னார். கருவி சரியாகத்தான் இருந்தது. அவர் கோபப்படவில்லை. லோஷினியின் முதுகைத் தட்டி, சில சமயம் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பயப்படாதே என்றார். பிறகு அதிகாரியிடம் பேசினார். எடை பார்க்கும் நேரம் இன்னும் முடியவில்லை, அதற்குள் இறக்கிக்கொண்டு வந்தால் மறுபடி ஏறலாம் என்றாள் அதிகாரி. அவளும் முன்பு ஆடியவள்தான். அவள் கண்களில் இரக்கம் இருந்தது.

அந்த நிமிடத்திலிருந்து எல்லாரும் உதவி செய்யத் தொடங்கினார்கள். குழுவிலிருந்த ஷஹீரா காயப்போட்டிருந்த பிளாஸ்டிக் உடுப்பை ஓடிப்போய் எடுத்துவந்தாள். இன்னொருத்தி, எச்சில் ஊறட்டும், துப்பலாம் என்று புளிப்பு மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தாள். கோச் அரங்கைச் சுற்றி ஓடும் பாதையைக் கைகாட்டினார். பழனியப்பன் பார்வையாளர் பக்கத்திலிருந்து இறங்கி வந்து, நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு, படியில் உட்கார்ந்து காலணிகளைக் கழற்றினார். காலுறைகளைச் சுருட்டி அதற்குள் திணித்தார்.

குமுதா அவர் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "அண்ணே, பிள்ள ரொம்ப களைச்சுப்போச்சு. இந்தத் தடவ விட்டுருவோமே."

பழனியப்பன் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்புத்தான் இருந்தது. "நீங்களே இப்படி சொல்லலாமா மேடம்? வழி இல்லாம இருக்காதுன்னு எங்களுக்கு சொல்லிக் குடுத்ததே நீங்கதான."

அவர் வெறுங்காலோடு மகளின் பக்கத்தில் போய் நின்றார். வாம்மா, அப்பாவும் வர்றேன் என்றார். லோஷினி ஒருமுறை குமுதாவைப் பார்த்தாள். குமுதாவின் வாய்க்குள் ஒரு வாக்கியம் முழுதாக உருண்டு நின்றது. லோஷினி தண்ணீர் குடித்தாள், வேண்டுமென்றே குடித்தாள். அவ்வளவுதான், சொன்னால் எல்லாம் நின்றுவிடும். சொன்னால், பழனியப்பன் வெறுங்காலோடு நிற்கும் அந்த இடத்திலேயே அந்தப் பெண்ணின் பதினான்கு வருடம் பொய்யாகிவிடும். குமுதா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அப்பாவும் மகளும் ஓடத் தொடங்கினார்கள்.

அரங்கின் பின்னால் குப்பைத்தொட்டிகளைத் தாண்டி, குழாய்களைத் தாண்டி, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி அவர்கள் வந்தார்கள். பழனியப்பனின் இஸ்திரி போட்ட சட்டை ஈரத்தில் நிறம் மாறியது. தொந்தி குலுங்கியது. சூடான சிமெண்டுத் தரையில் அவர் பாதங்களைத் தூக்கித் தூக்கி வைத்தார். ஆனாலும் மகளோடு பேசிக்கொண்டே ஓடினார். சின்ன வயதில் அவள் முதல் கோப்பை வாங்கிய கதையாக இருக்கலாம். முதல் சில சுற்றுகளில் லோஷினி குமுதாவைக் கடக்கும்போதெல்லாம் பார்த்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு சுற்றில் பழனியப்பனுக்கு மூச்சு வாங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். லோஷினியும் நின்று, அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவள் எதையாவது சொல்லிவிடுவாள் என்று குமுதா எதிர்பார்த்தாள். அவள், நீங்க உக்காருங்கப்பா, நான் ஓடறேன் என்றாள். அதற்கப்புறம் தனியாக, முன்னைவிட வேகமாக ஓடினாள்.

எடை வந்துவிட்டது. அதிகாரி கதவைத் திறந்துகொண்டு வந்து கட்டைவிரலைக் காட்டியதும் குழு முழுக்கக் கை தட்டியது. பழனியப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். லோஷினி சுவரோரம் தரையில் உட்கார்ந்து, ஷஹீரா நீட்டிய உப்பும் சீனியும் கலந்த தண்ணீரை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். நன்றாகக் குடி என்று எல்லாரும் சொன்னார்கள்.

மறுநாள் அவள் ஜெயித்தாள். இறுதி ஆட்டத்தில் ஒரு கணம், குமுதா நன்றாகப் பார்த்தாள், லோஷினி இரண்டு கைகளையும் தளர்த்தித் தொங்கவிட்டாள். முகம் முழுதாகத் திறந்து கிடந்தது. எதிரில் இருந்த பெண்ணும் அதைப் பார்த்துக் காலை வீசினாள். அந்தக் கால் வந்து சேர்வதற்குள் லோஷினியின் இடது கை தானாக மேலே எழும்பித் தடுத்தது, வலது கை தானாக நீண்டு புள்ளியை எடுத்தது. அவள் தன் கையைப் பார்த்த பார்வையில் வேறு யாரோ செய்ததைப் பார்ப்பதுபோல ஒரு திகைப்பு இருந்தது. நடுவர் கொடியைத் தூக்கினார். அரங்கம் ஆரவாரித்தது. ஆட்டக் கட்டத்துக்குள் நின்று அவள் நான்கு பக்கமும் குனிந்து வணங்கினாள்.

அடுத்த வாரம் பல்கலைக்கழக நுழைவாயிலில் லோஷினியின் படம் போட்ட பதாகை ஏறியது. தேசிய முகாமிலிருந்து தேதி வந்தது. கோலாலம்பூரில் பல மாதங்கள் தங்க வேண்டும். அதே மாதங்களில்தான் அவளுடைய வகுப்புக்குக் கட்டாயத் தொழிற்சாலைப் பயிற்சி. பத்து காவான் என்ற ஊரில் உறைய வைத்த உணவு செய்யும் ஓர் இடத்தில் அவளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். குமுதா இரண்டு தேதிகளையும் பார்த்தாள். பழக்கத்தில் நாற்காலியிலிருந்து எழுந்தும்விட்டாள். நோர்மாவின் அறை நான்காவது மாடியில். பேசினால் கொடுத்துவிடுவார், பயிற்சியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். கதவுவரை போனவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஆச்சரியப்பட்டு நோர்மாவே தொலைபேசியில் கூப்பிட்டு, இன்னும் நீங்கள் மேலே வரவில்லையே என்று கேட்டார். வருகிறேன், வராமலும் இருக்கலாம் என்று குமுதா சொன்னாள். வெள்ளிக்கிழமைவரை பார்க்கிறேன் என்றார் நோர்மா.

பதாகையைப் பார்த்துவிட்டு விளையாட்டுத் துறை இயக்குநர் அவள் அறைக்கு வந்தார், குமுதாவின் பிரிவுக்கு இன்னும் ஓர் ஆளைத் தரப்போவதாகச் சொன்னார். இந்தப் பெண் முகாமுக்குப் போய், அப்படியே தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டுக்கும் போய்விட்டால் இன்னும் என்னென்னவோ கேட்கலாம் என்றார். குமுதா தலையாட்டினாள். அவர் போனபிறகு, தடை ஓட்டத்தில் காலைத் தூக்கி வைக்கும்போது வரும் பழைய வலி ஒன்று இடுப்பில் எங்கோ வந்துபோனது.

சாயங்காலம் பயிற்சிக்கு வேன் வருவதற்கு முன்னால் வந்துவிட்டுப் போகும்படி லோஷினிக்குச் செய்தி அனுப்பினாள். நுழைவாயிலுக்கு வெளியே பீசாங் கோரெங் போடும் மலாய்க்காரப் பெண்ணிடம், அப்போதுதான் சட்டியிலிருந்து எடுத்த மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழத் துண்டுகள் ஒரு பை வாங்கி வந்து மேசைமேல் வைத்தாள். லோஷினி பயிற்சி உடுப்போடு, தோளில் பையோடு வந்தாள். அரங்கில் நடந்ததைப் பற்றி இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. உட்காரச் சொன்னதும் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். பசியாறியாச்சா என்று குமுதா கேட்டாள். காலையில் என்றாள் லோஷினி.

குமுதா இரண்டு தேதிகளையும் சொன்னாள். சொல்லும்போதே லோஷினி, பேசி மாத்திட்டீங்களாக்கா என்று கேட்டாள். அந்தக் குரலில் ஆவலும் இல்லை, பயமும் இல்லை. சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலத்தான் இருந்தது.

"மாத்தல. நான் இன்னும் மேல போகவே இல்ல. நீ கேக்கச் சொன்னா கேக்கறேன். சொல்லலன்னா வாயத் தொறக்க மாட்டேன். அப்ப நீ பத்து காவானுக்குத்தான் போகணும். கேம்ப் உனக்காக நிக்காது."

லோஷினி சன்னலைப் பார்த்தாள். வெளியே திடலில் யாரோ கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அப்பா கேட்டா?"

"தேதி ஒத்து வரலன்னு நான் சொல்றேன்."

லோஷினி காய்த்த முட்டிகளைத் தடவிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "இதுவும் நீங்க எனக்கு செஞ்சு குடுக்கறதுதானக்கா," என்றாள்.

குமுதா மறுக்கலாமா என்று யோசித்தாள், முடியவில்லை. ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டதாக மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவைச் செய்ததும் தானே என்று இப்போது தெரிந்தது. மாடி ஏறினாலும் அவள்தான், ஏறாவிட்டாலும் அவள்தான். இந்தப் பெண் எந்தப் பக்கம் போனாலும் யாரோ கூட்டிக் கழுவி வைத்த பாதையில்தான் நடக்க வேண்டியிருந்தது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கிறது, அதுவரை நான் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். வேறு யாராவது கேட்பார்களா என்றாள் லோஷினி. கேட்பார்கள் என்றாள் குமுதா.

வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கோச் அலாவுதீனின் ஓட்டுநர் ஹாரனை ஒருமுறை மெதுவாக அடித்தார். லோஷினியின் கை அனிச்சையாகத் தோள்பையின் வாரைப் பிடித்தது. அவள் பாதி எழுந்தாள். எழுந்த நிலையிலேயே மேசைமேல் எண்ணெய் ஊறிக் கண்ணாடிபோல ஆகியிருந்த காகிதப் பையைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். சூடு தாங்காமல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். பிறகு நடுவில் இரண்டாகப் பிட்டாள். மொறுமொறுப்பான தோல் உடைந்து மாவுத் துகள்கள் அவள் மடியில் உதிர்ந்தன. உள்ளேயிருந்து வெள்ளையாக ஆவி எழும்பி அவள் முகத்தைத் தொட்டது. ஹாரன் இரண்டாவது முறை, கொஞ்சம் நீளமாக அடித்தது. லோஷினி நிமிரவில்லை. கன்னங்களை உப்பவைத்து, கையிலிருந்த துண்டைச் சின்னப்பிள்ளைபோல ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தாள்.